வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், 5 மாதம்: ட்ரையத்லான் முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: கிருஷ்ணகிரியில் வங்கி வேலை, 4 வயதிலும் 8 வயதிலும் பிள்ளைகள், கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட், வீட்டில் மாமியார் இருக்கிறார், ஆனால் அவருக்கு முட்டி வலி. குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் ட்ரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி) ஒலிம்பிக் தூரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். கையில் 5 மாதம். பயிற்சி அட்டவணை ஒன்று வேண்டும் என்கிறீர்கள். அட்டவணைகள் தேடினால் நூறு கிடைக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது, நீங்கள் கேட்க வந்தது வேறு: வாரத்தில் குறைந்தது எத்தனை மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தை வீட்டில் யாரிடமிருந்து எடுப்பது, எடுத்தால் அது நியாயமா. அதற்கே பதில் சொல்கிறேன், அட்டவணை அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் இந்த மாவட்டத்தில் பல வருடமாக பிசியோதெரபி பார்க்கிறவள். கபடி ஆடும் பிள்ளைகள், மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கி முதுகு பிடித்தவர்கள், நாற்பது வயதில் ஓட ஆரம்பித்தவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். நானும் பிள்ளை வளர்த்துக்கொண்டே ட்ரையத்லான் செய்திருக்கிறேன், கடைசி வரிசையில்தான். ஆனால் நான் டாக்டர் இல்லை, உங்கள் நடையையோ முட்டியையோ நேரில் பார்த்ததும் இல்லை. எழுதியதை வைத்துச் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் தூரத்தை விட்டுவிட்டு ஸ்பிரிண்டுக்கு மாறுங்கள். ஒலிம்பிக் என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரிண்ட் அதில் சரிபாதி: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். இப்போது 5 கிலோமீட்டர் ஓடுவேன், நீச்சல் சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் பழகியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையிலிருந்து ஸ்பிரிண்டுக்கு வாரம் ஐந்தரை மணி நேரம் போதும். ஒலிம்பிக்கைச் சிரமமில்லாமல் முடிக்க ஏழெட்டு மணி நேரமாவது வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். உங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும். நன்கொடை தருகிறவர் நீங்கள் 10 கிலோமீட்டர் ஓடினீர்களா 5 ஓடினீர்களா என்று பார்த்துப் பணம் போடுவதில்லை. பல போட்டிகளில் மூன்று பேர் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துச் செய்யும் ரிலேவும் உண்டு. நீச்சல் கைகூடவில்லை என்றால் அதுவும் ஒரு வழி, கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அப்புறம் நேரம். இணையத்து அட்டவணைகள் எல்லாம் திங்கள் நீச்சல், செவ்வாய் ஓட்டம் என்று கிழமைப்படி இருக்கும். ஷிப்ட் வேலை நடக்கும் வீட்டில் அது இரண்டாவது வாரமே உடைந்துவிடும். ஏனென்றால் உங்கள் வீட்டில் நேரத்தைத் தீர்மானிப்பது கிழமை இல்லை, கணவரின் ஷிப்ட் சார்ட். அவருக்குக் காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும், காலையில் பிள்ளைகள் முழுக்க உங்கள் பொறுப்பு. ஆனால் மாலையில் நீங்கள் வங்கியிலிருந்து வரும்போது அவர் வீட்டில் இருப்பார். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அப்படியே தலைகீழ், காலை உங்களுக்கு, மாலை கிடையாது. நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் வந்து தூங்க வேண்டும். பகல் தூக்கமே அரைகுறைதான், அதில் கை வைக்காதீர்கள். அவர் கிளம்புவதற்கு முன் மாலையில் கிடைக்கும் ஒரு மணி நேரம் மட்டும் உங்களுடையது. ஆக, மூன்று வாரத்தை ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் காலைப் பயிற்சி, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் குறைந்த பயிற்சி. நைட் ஷிப்ட் வாரத்தை உடம்புக்கான ஓய்வு வாரமாகவே கணக்கு வையுங்கள். எப்படியும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பளுவைக் குறைக்கச் சொல்வதுதான் பயிற்சியாளர்கள் வழக்கம், உங்களுக்கு அது தானாகவே அமைகிறது.

இதைக் கணவரிடம் 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். சார்ட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எந்த நாள் எந்த மணிக்கு யார் பிள்ளைகளுடன் இருப்பது, யார் டிஃபன் பாக்ஸ் கட்டுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள். அவருக்கும் வாரத்தில் அதே மாதிரி ஒரு நேரம் ஒதுக்குங்கள், நண்பர்களோடு டீக்கடையில் உட்கார்ந்தாலும் சரி. மாமியாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முட்டி வலியோடு 4 வயதுப் பிள்ளை பின்னால் அவர் ஓடுவது, உங்கள் ஓட்டத்துக்கு அவர் கட்டும் விலை. என்னிடம் வரும் மாமியார்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மருமகள்களிடம் சொல்ல மாட்டார்கள்.

ஐந்தரை மணி நேரத்தில் முதல் இடம் நீச்சலுக்கு. இரண்டு முறை, முக்கால் மணி நேரம் வீதம், இரண்டு மாதம் கழித்து முடிந்தால் மூன்று முறை. சைக்கிளிலும் ஓட்டத்திலும் தடுமாறினால் நிற்கலாம், நடக்கலாம். தண்ணீரில் அது முடியாது. கிணற்று நீச்சல்காரர்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: ஆழத்தைக் கண்டு பயப்பட மாட்டார்கள், சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதித்துப் பழகிய உடம்பு மிதக்க மறப்பதில்லை. குறை என்னவென்றால், தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபடியே நீந்துவது. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், ஐம்பது மீட்டரில் மூச்சு வாங்கும். இதைக் கைப்பலத்தால் சமாளிக்க முடியாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே முழுதாக விட்டு, உடம்போடு சேர்ந்து பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கப் பழக வேண்டும். முதல் மாதம் தூரத்தை எண்ணவே வேண்டாம். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம் இருக்கிறது என்றால், நல்ல காலணிக்கு முன்னால் நீச்சல் கோச்சுக்குக் கொடுங்கள். பக்கத்தில் எந்த நீச்சல் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அந்த நேரத்தை சார்ட்டில் முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது 30 நீளம். மூன்றாவது மாத முடிவில் நடுவில் நிற்காமல் 20 நீளம் வந்துவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை.

நீச்சல் குளம் கிடைக்கவில்லை என்பதற்காக கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையிலோ ஒகேனக்கல்லிலோ இறங்கிப் பழகாதீர்கள். ஒகேனக்கல்லில் பாறைக்கடியில் இழுக்கும் நீரோட்டத்துக்கு நல்ல நீச்சல்காரர்களும் தப்புவதில்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரிலிருந்து வரும் கழிவு நுரையாகப் பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அதே தென்பெண்ணைதான் கீழே கே.ஆர்.பி.க்கும் வருகிறது. கைவிட்ட கிரானைட் குவாரிகளில் தேங்கிய தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், பக்கச் சுவர் செங்குத்து, ஏறி வரப் பிடி கிடையாது. உங்கள் போட்டியில் நீச்சல் குளத்திலா, ஏரியிலா, கடலிலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திறந்த நீர் என்றால், போட்டிக்கு முன் இரண்டு மூன்று முறையாவது லைஃப்கார்டு, மிதவை, கூட ஆள் என்று முறையாக நடத்துகிற பயிற்சியில் இறங்கிப் பாருங்கள். சுவரும் இல்லாமல், அடியும் தெரியாமல், பக்கத்தில் இருபது பேர் கையை வீசும்போது வரும் படபடப்பு குளத்தில் பழகியவர்களுக்குப் புதிது. அப்போது மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிவிட்டுத் தொடரலாம், விதிகள் அதைத் தடுப்பதில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1985 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த ட்ரையத்லான்களில் மரணம் அல்லது இதயம் நின்று மீட்கப்பட்டது என்று 135 நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் ஆண்கள், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம். பங்கெடுத்தவர்கள் தொகையோடு பார்த்தால் மிக அரிது, உங்களுக்கு இன்னும் அரிது. ஆனாலும் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், உங்களுக்கு ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்திருந்தால், பயிற்சிக்கு முன் இதய டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கணவரும் கூடச் சேர நினைத்தால் அவருக்கு இதை இரண்டு மடங்கு அழுத்தி சொல்வேன்.

சைக்கிளில் தசையைவிட ரோடுதான் பிரச்சினை. என்.எச். 44 பக்கமே போகாதீர்கள், பெங்களூர் லாரிகள் விடியற்காலையில்தான் வேகமாக வரும், ஓட்டுநர் இரவெல்லாம் விழித்திருப்பார். தொப்பூர் கணவாய் சாகசமும் வேண்டாம். கே.ஆர்.பி. அணை ரோடு ஞாயிறு காலையில் ஓரளவு அமைதி, வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். ஏற்றம் வேண்டும் என்றால் ராயக்கோட்டை பக்கம் போகலாம். ஓசூர் நம் ஊரைவிட 300 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது, அந்தத் திசையில் எந்த ரோடும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் இருட்டில் போகவே கூடாது, ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் ரோட்டைக் கடக்கும். கணவரின் கியர் சைக்கிளே போதும். இருக்கை உயரத்தை மட்டும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள்: மிதி கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடிந்திருக்க வேண்டும். ஆண்களுக்கான குறுகிய சீட் பெண்களுக்குப் பல சமயம் ஒத்துவராது, சீட்டை மாற்றச் செலவு அதிகமில்லை. ஹெல்மெட் கட்டாயம், பஞ்சர் ஒட்டவோ டியூப் மாற்றவோ ஒரு நாள் கடைக்காரரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வாரநாளில் ஒரு முக்கால் மணி, ஞாயிறு ஒன்றரை மணி, அவ்வளவுதான். மழை, விருந்தாளி, ஆடிட் என்று ஏதாவது வந்தால் முதலில் வெட்ட வேண்டியது வாரநாள் சைக்கிளை.

ஓட்டம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதை வளர்க்க வேண்டாம், காப்பாற்றினால் போதும். வாரம் இரண்டு முறை, அரை மணிக்குக் கொஞ்சம் மேலே. மூன்றாவது மாதத்திலிருந்து ஞாயிறு சைக்கிளை வாசலில் நிறுத்தியதும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுங்கள். முதல் முறை கால் உங்களுடையது மாதிரியே இருக்காது, நாலைந்து தடவையில் பழகிவிடும். இங்கே யாரும் கேட்கத் தயங்குகிற ஒன்று: ஓடும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் சொட்டுகிறதா? இரண்டு பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு இருக்கும். 'பிள்ளை பெற்றால் அப்படித்தான்' என்று பெரியவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இடுப்படித் தசைப் பயிற்சியில் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைகிறது, ஒரு பெண் பிசியோவிடம் போய்க் காட்டுங்கள்.

எவ்வளவு வேகம் என்றால், பெரும்பாலான பயிற்சியை வாய்விட்டுப் பேச முடிகிற வேகத்தில் செய்யுங்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். வாரத்தில் ஒன்று மட்டும் மூச்சு வாங்கும்படி இருக்கட்டும். இதில் உங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதலான ஒரு சோதனை உண்டு. 1980களின் தொடக்கத்தில், வாரம் 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை 2 நாளாகக் குறைத்தார்கள், ஆனால் வேகத்தையும் ஒரு நாள் பயிற்சி நேரத்தையும் குறைக்கவில்லை. 15 வாரம் கழித்தும் அவர்களின் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. சிலர்தான் கலந்துகொண்டார்கள், இளவயதினர், ஆகவே அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் வருடக் கடைசி கணக்கு முடிக்கிற வாரத்தில் இரண்டு பயிற்சிதான் முடிந்தது என்றால் எல்லாம் போயிற்று என்று அழ வேண்டாம் என்பதற்கு இது போதும். விட்டதை அடுத்த வாரம் சேர்த்துச் செய்யாதீர்கள். என்னிடம் வரும் காயங்களில் நிறைய இந்தக் கடன் தீர்க்கும் வாரத்தில் வந்தவை.

நாலு மணிக்கு எழுந்தால் எல்லாம் முடியும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது மணிக்குப் படுக்க முடிந்தால் எழுந்திருங்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்துப் பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று ஆகிறது என்றால், அந்த நாலு மணி ஓட்டத்தால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம். இரவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த மறுநாள் பயிற்சி கிடையாது. உங்களுக்கே காய்ச்சல் என்றால் முழு ஓய்வு, இதில் விவாதமே இல்லை. சில வைரஸ்கள் இதயத் தசையைத் தொடும், அந்த நேரத்தில் உடம்பை வருத்தக் கூடாது.

சாப்பாட்டில் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் செய்யுங்கள்: ஹீமோகுளோபின், முடிந்தால் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது). 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. உங்கள் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் எந்த அட்டவணையும் வேலை செய்யாது, மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். டாக்டர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள், சாப்பிட்ட உடனே டீ காபி வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, கொய்யா, நெல்லி கூட இருந்தால் சேரும். அதியமான் சீமையில் இருந்துகொண்டு நெல்லிக்காயின் பெருமையை நான் வேறு சொல்ல வேண்டுமா. ராகிக் களி நல்ல சாப்பாடு, கால்சியம் நிறைய, ஆனால் பயிற்சிக்கு முன் அரை மணி நேரத்தில் வேண்டாம், வயிற்றில் கல்லாக நிற்கும். அதற்கு ஒரு வாழைப்பழம் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் ஞாயிறுகளில் உப்புப் போட்ட மோர் கொண்டு போங்கள். தாகத்துக்குக் குடியுங்கள். லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

இனி, நிச்சயமில்லாதவை. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற விதியை எல்லாரும் சொல்வார்கள். 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் அந்த விதிப்படி மெதுவாகக் கூட்டிய புதிய ஓட்டக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காயம் வந்தது. மெதுவாகக் கூட்டுங்கள், எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஓடுவதற்கு முன் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடிப்பது காயத்தைத் தடுக்கும் என்பதற்கும் ஆதாரம் பலமில்லை. ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு மெல்ல ஓடத் தொடங்குவது போதும். மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஏற்ப வாரவாரம் பயிற்சியை மாற்றச் சொல்லும் திட்டங்கள் இப்போது நிறைய விற்கப்படுகின்றன, அதற்கும் ஆதாரம் போதாது. அந்த நாட்களில் உடம்பு முடியவில்லை என்றால் குறையுங்கள், முடிந்தால் செய்யுங்கள். மாறாக, வலி விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: ஓடும்போது கூடிக்கொண்டே போகிற வலி, விரல் வைத்துக் காட்ட முடிகிற எலும்பு வலி, மறுநாள் நொண்ட வைக்கும் வலி, இந்த மூன்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்ட வேண்டும்.

நிதி திரட்டும் வேலைக்கும் நேரம் போகும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் மாலை நேரம் அதிலேயே கரையும். மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்கி, அதுவரை செய்த பயிற்சியின் ஒரு படத்தோடு அனுப்புங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவே வேண்டாம். நேராக அமைப்பின் கணக்குக்குப் போகட்டும், ரசீது அவர்களே தரட்டும். உறவுக்குள் பணப் பேச்சு ஒரு முறை கசந்தால் ஐந்து மாதத்தில் தீராது. பெரிய பிள்ளைக்கு 8 வயது ஆகிறதே, ஞாயிறு சைக்கிளுக்குப் பிறகான அந்தப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் சைக்கிளில் கூட வரச் சொல்லுங்கள், பயிற்சியும் ஆயிற்று, பிள்ளையோடு இருந்த மாதிரியும் ஆயிற்று. சின்னதுக்கு அது முடியாது, அடம் பிடிக்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றுதான்: போட்டி நடத்துகிறவர்களிடம் தூரத்தை ஸ்பிரிண்டுக்கு மாற்ற முடியுமா, கட்டிய பணம் செல்லுமா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குளத்தில் பெண்கள் நேரம் எது என்று விசாரியுங்கள். இந்தத் தகவல்களோடு கணவரின் அடுத்த மூன்று வார ஷிப்ட் விவரத்தையும் இங்கேயே எழுதினால், முதல் சுற்றுக்கான நாட்களை நான் போட்டுத் தருகிறேன்.